இருவரும் கிளம்பிய நாள்

கர்ர்ரக். ஹேண்ட் பிரேக். ஒரே இழுப்பு, நடுவில் தயக்கமில்லை, முடிவில் சின்னதாக ஒரு டக். கண்ணைத் திறக்காமலே தெரிந்தது, ஜெயக்கொடி வண்டியை நிறுத்திவிட்டாள், எங்கேயோ வந்துவிட்டோம். வேறு யார் இழுத்தாலும் அந்தச் சத்தம் வராது. அவளிடம் கார் ஓட்டப் பழகும் பெண்கள் இழுத்தால் ஒவ்வொரு பல்லாகப் பயந்து பயந்து ஏறும். காலை எட்டு மணிக்கு எங்கள் ஜன்னலுக்குக் கீழே அது அப்படி ஏறுவதைக் கேட்டுக்கொண்டுதான் நான் தூங்கப் போவேன். நகராட்சி நீரேற்று நிலையத்தில் ராத்திரி ஆபரேட்டர் நான், பத்தொன்பது வருஷமாக. ஒன்பதுக்குப் போனால் விடிந்து ஏழுக்குத்தான் வீடு. ஜன்னலில் பழைய கம்பளியை ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன், அதற்குள் ஊசி அளவு வெளிச்சம் வராது, ஆகையால் பகலை நான் காதால்தான் பார்த்திருக்கிறேன். பதினொன்றரைக்கு அவள் வகுப்பு முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவது, முதலில் இடது, பிறகு வலது. குக்கர். மிக்ஸியை மட்டும் என் தூக்கத்துக்காகப் பின்கட்டில் வைத்து ஓட்டுவது. அவள் யாரிடமோ போனில் சிரித்து, சட்டென்று நினைவு வந்து குரலைத் தணிப்பது. அந்தத் தணிந்த குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், தூக்கத்தில் பாதி விழித்து அதற்காகவே காத்திருந்ததுண்டு, இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "ஏங்க, காலை எடுங்க, வண்டி நின்னுடுச்சி, இன்னும் பிரேக்கை மிதிச்சிக்கினே இருக்கீங்க." டிரைவிங் ஸ்கூலின் பழைய கார் இது, கழித்துவிட்டபோது அவளே வாங்கிக்கொண்டாள், இடதுபக்க சீட்டின் காலடியிலும், சொல்லிக்கொடுப்பவருக்காக, ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. எனக்கு ஓட்டத் தெரியாது. தெரியாத ஆளின் காலடியில் ஒரு பிரேக், அதுவும் தூங்கும் ஆள். மூன்று நாளில் நான்கு தடவை தூக்கத்தில் மிதித்திருக்கிறேன். நான்காவது தடவை கடப்பா தாண்டி ஒரு எருமை மந்தைக்குச் சற்று முன்னால். அதற்கு மட்டும் அவள் திட்டவில்லை.

கண்ணைத் திறந்தேன். வெளிச்சம் அறைந்தது. வெள்ளையாக, விளிம்பே இல்லாமல். இந்த நேரத்தில் உலகம் இப்படி இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொல்லவில்லை. "கண்டிகோட்டா," என்றாள், முன்னாலிருந்த பள்ளத்தாக்கைக் காட்டி, தானே வெட்டிவைத்த மாதிரி பெருமையாக. "கீழ ஆறு இருக்குதாம். அரை மணி நேரம் எறங்கணும், அரை மணி நேரம் ஏறணும், அவ்ளோதான்." ஹூப்ளியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகளைப் பார்க்கத்தான் போகிறோம். திருப்பத்தூரிலிருந்து பெங்களூர் வழியாகப் போனால் ஒரே நாள். வரைபடத்தை விரித்து நான் அதைத்தான் காட்டினேன். "ஒரே நாளு எனக்குப் போதாது," என்று சொல்லிவிட்டு விரலால் ஆந்திராவுக்குள் ஒரு பெரிய வளைவு போட்டாள். அந்த விரல் போன பாதையில்தான் மூன்று நாளாக வந்துகொண்டிருக்கிறோம், மே மாதத்தில், ஏசி வேலை செய்யாத காரில், நான் வாயைத் திறந்து தூங்கியபடி, அவள் எதையோ முணுமுணுத்தபடி. நேற்று நந்தலூர் பக்கம் கேட்டாள், ரோட்டைப் பார்த்தபடியே, "அந்த ஃபாரத்தைத் திரும்பிப் போனதும் குடுத்துடுவீங்க இல்ல?" நான் "ம்" என்றேன். ம் என்பது சொல்லே இல்லை, மூச்சு, அதில் பொய் இருக்க முடியாது என்று கொஞ்ச நேரம் எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்தேன். ஜூன் முதல் எனக்குப் பகல் ஷிஃப்ட் தரலாம் என்று ஓவர்சியர் சொல்லி, விருப்பம் கேட்டு ஒரு ஃபாரம் கொடுத்திருந்தார். அவளுக்கு அதைக் காட்டிய அன்று வடை சுட்டாள். எங்கள் வீட்டில் வடை என்றால் பண்டிகை. அந்த ஃபாரத்தில் வியாழக்கிழமையே 'விருப்பமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இது அவளுக்குத் தெரியாது. விருப்பமில்லை. எழுதும்போது பேனா ஒரு இடத்தில் நின்றது, 'மி'யின் சுழியில். மை இல்லையோ என்று உதறிப் பார்த்தேன். மை இருந்தது.

இறங்கினோம். பாதை என்று ஒன்றுமில்லை, பாறைகளுக்கு நடுவே ஆடுகள் போட்ட வழி, சிவந்த கல், பாளம் பாளமாக யாரோ அடுக்கிவிட்டுப் பாதியில் எழுந்து போன மாதிரி. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் அடியாழத்தில் பச்சையாக ஒரு கோடு, அதுதான் பெண்ணாறு. பாலை நிலத்துக்குரியது பிரிவு, அதற்குரிய பொழுது நண்பகல் என்று நீரேற்று நிலையத்து மேசையில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். எந்த வகுப்பிலும் அல்ல, எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, பம்ப் ஓடும் இரைச்சலில் பழைய புத்தகக் கடைப் புத்தகங்களாகப் படித்ததுதான் மீதி எல்லாம். பிரிவுக்கு எங்களுக்குப் பாலை வரைக்கும் வரவேண்டியிருக்கவில்லை, பம்ப் ஹவுஸே போதுமாக இருந்தது. இப்போது பாலைக்கு வந்து சேர்ந்து நடக்கிறோம். எல்லாமே தலைகீழ். "ஃபர்ஸ்ட் கியர்லயே எறங்குங்க," என்றாள் பின்னாலிருந்து. "நியூட்ரல்ல உடாதீங்க, உருண்டுடுவீங்க." நான் வலது காலை ஒரு கல்லில் வைத்துத் தடுமாற, "ஹாஃப் கிளட்ச், ஹாஃப் கிளட்ச்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படித்தான் தினமும் யாரோ முன்பின் தெரியாத பெண்களிடம் பேசுகிறாளா, இந்தக் குரலை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், எனக்கு இன்றைக்குத்தான் கிடைத்தது. பொறாமை மாதிரி ஒன்று. ஐம்பத்தொரு வயதில், ஒரு பள்ளத்தில் இறங்கிக்கொண்டு, எல் போர்டு மாட்டிய பெண்கள்மேல் பொறாமை. ஆற்றுக்கு வந்துவிட்டோம். தண்ணீர் நகரவேயில்லை, பாசி மேலே தோல் மாதிரி படிந்திருந்தது. துண்டை நனைத்து அவள் தலையில் போட்டேன், அவள் ஒரு கை அள்ளி வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். "வேணாம்," என்றேன், "குளோரின் போடாத தண்ணி." "இங்க வந்து யாரு குளோரின் போடுவா?" என்று கேட்டுவிட்டுக் கையை உதறினாள். "சரி, நம்ம பாட்டிலை எடுங்க." நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தோள்பையை இறக்கி வைத்தேன். இரண்டு கொய்யாப்பழம், ஒரு சின்ன உப்புப் பொட்டலம், டார்ச் லைட். மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு டார்ச் லைட். "நீ புடிச்சிருப்பேன்னு நெனச்சேன்." "நானும் அதையேதான் நெனச்சேன்." அப்புறம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்தச் சுவர்கள் அவள் சிரிப்பைத் திருப்பித் திருப்பித் தந்தன. "ஊருக்கே தண்ணி தொறந்து உடுறவரு! கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு பாட்டில் புடிச்சிக்கினு வரல!"

ஏறும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு ஏறினேன். யார் தவறு என்றல்ல, எப்படி நடந்தது என்று. எங்கள் வீட்டில் யாரும் எழுதிவைக்காத ஒரு முறை இருக்கிறது. வெளியே போகிறவருக்கு, வீட்டில் இருக்கிறவர்தான் தண்ணீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி நான் கிளம்பினால் அவள் பாட்டிலை நிரப்பி, ஈரத்தைப் புடவையில் துடைத்து, பைக்குள் நிற்க வைப்பாள். காலையில் அவள் கிளம்பினால் நான். போகிறவருக்குப் போவதைத் தவிர வேறு வேலை கிடையாது. இதுதான் எங்கள் குடும்பம், இப்படி எடுத்துக் கொடுப்பதும் வாங்கிக்கொள்வதும்தான் நாங்கள் ஒரு நாளில் சேர்ந்து செய்கிற ஒரே காரியம். அந்த இரண்டு நிமிஷத்தில் கைவிரல் படும், சில நாள் அதுவும் படாது. இன்று ஜம்மலமடுகு லாட்ஜில் இரண்டு பேரும் சேர்ந்தே செருப்பைப் போட்டோம், சேர்ந்தே கதவுக்கு வந்தோம், கதவருகே ஒரு நொடி இரண்டு பேருமே நின்றோம். எதற்கு நின்றோம் என்று அப்போது தெரியவில்லை. அவளும் நின்றாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ எதையோ நீட்டுவார்கள் என்பது மாதிரி நின்றாள். உள்ளே யாரும் இல்லை நீட்டுவதற்கு. இரண்டு காலி பாட்டிலும் மேசைமேல். பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் ஒன்றாக வீட்டை விட்டுக் கிளம்பியது எத்தனை தடவை, கல்யாணம் கருமாதிக்குக்கூட அவள் முன்னால் போய்விடுவாள், நான் தூங்கி எழுந்து பின்னால் போவேன், அப்படியென்றால் இது, அப்படியென்றால் ஜூன் மாதம் முதல் தேதியிலிருந்து, இரண்டு பேரும் காலையில் கிளம்பி, இரண்டு பேரும் மாலையில் வந்து, யார் யாருக்கு எடுத்துக் கொடுப்பது. விருப்பமில்லை என்று எழுதியது சரிதான். இல்லை, சரியில்லை. அவளுடைய செருப்புச் சத்தம் பின்னால் வந்துகொண்டிருந்தது, இடது சற்று அழுத்தமாக, வலது இழுத்து, சரக் சர்ர், சரக் சர்ர். அதைக் கேட்டுக்கொண்டே போனால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வெயில் மேலேயிருந்து மட்டும் வரவில்லை, கல்லிலிருந்தும் வந்தது, அடுப்பங்கரையில் குனிந்து நிற்கிற மாதிரி முகத்துக்கு நேராக. நாக்கு வாய்க்குள் பெரிதாகிவிட்டது. இந்நேரம் நம் ஊரில் இரண்டாம் வார்டுக்குத் தண்ணீர் விட்டிருப்பார்கள், பகல் ஷிஃப்ட் ஆள் வால்வை முக்கால்தான் திறப்பான், அழுத்தம் போதாது, கடைசித் தெருவுக்கு ஏறாது, நான் இருந்தால் குழாயில் காதை வைத்தே சொல்லிவிடுவேன் எங்கே காற்று அடைத்திருக்கிறது என்று. சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? சரக் இல்லை, சர்ர் இல்லை. எத்தனை அடி நான் அது இல்லாமலே ஏறி வந்திருக்கிறேன்?

திரும்பினால் இருபது அடி கீழே ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகம் செங்கல் மாதிரி சிவந்து, கண் எங்கேயோ. "ஜெயா." எப்படி இறங்கினேன் என்று தெரியாது, முழங்கை சிராய்த்தது பிறகுதான் தெரிந்தது. "கால் புடிச்சி இழுக்குது," என்றாள், "தலை சுத்துது, ஒண்ணுமில்ல." கெண்டைக்கால் கல்லாக முறுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது, அதன் அடியில் இரண்டு ஆள் உட்காரும் அளவுக்கு நிழல். அவளை அணைத்துக்கொண்டு அதற்குள் போய் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றி விசிறினேன். தலைத்துண்டு எப்போதோ காய்ந்து மொடமொடவென்று ஆகியிருந்தது. ஆற்றுத் தண்ணீரையாவது குடிக்க விட்டிருக்கலாம். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து இருக்கிறது, இதற்கு என்ன இருக்கிறது. குளோரினாம். கொய்யாவைக் கல்லில் குத்தி உடைத்து, உப்பைத் தொட்டுக் கொடுத்தேன், மெதுவாக மென்றாள், விதையைத் துப்பக்கூட அலுப்பு. மேலே விளிம்பு தெரிந்தது, கால் மணி நேரம் ஏறினால் போய்விடலாம், கோட்டை வாசலில் ஒரு மோர்க்கடை பார்த்த ஞாபகம். "நான் ஓடிப்போயி தண்ணி வாங்கினு வந்துடறேன்," என்று எழுந்தேன். அவள் தலையாட்டுவாள் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் வாசலில் நின்று போயிட்டு வாங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள். மழையில் சொல்லியிருக்கிறாள், காய்ச்சலில் படுத்துக்கொண்டு உள்ளேயிருந்து குரல் கொடுத்திருக்கிறாள், மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது சொல்லியிருக்கிறாள். போவதும் நான்தான், இருப்பதும் அவள்தான். நான் இரண்டு அடி வைத்துவிட்டேன். "இருங்க," என்றாள். கெஞ்சவில்லை, வகுப்பில் சொல்வது மாதிரி, வண்டியை நிறுத்து என்பது மாதிரி. "போவாதீங்க. இருங்க. நெழல் இறங்கினப்புறம் ரெண்டு பேரும் போலாம்."

இருந்தேன். அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக் கெண்டைக்காலை உருவிவிட்டேன். தோலில் ஒரு பழைய தழும்பு, சைலன்சர் சுட்டது போல, எனக்குத் தெரியாத தழும்பு. சூரியன் இந்தச் சுவருக்குப் பின்னால் போக இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். எதிர்ச் சுவரில் தேன்கூடுகள் கறுப்பாகத் தொங்கின, ஒரே சீரான உம்ம், நம் பம்ப் ஹவுஸ் மோட்டார் தூரத்திலிருந்து கேட்பது மாதிரி. அந்தச் சத்தம் வந்தால் நான் தைரியமாக இருப்பேன், வேலை நடக்கிறது என்று அர்த்தம். இவளுக்கு இங்கே ஏதாவது ஆகிவிட்டால். ஆகாது, கண் தெளிந்துவிட்டது, பேச்சு குழறவில்லை. ஆகிவிட்டால் அந்த ஃபாரத்தைப் பற்றிக் கடைசியாக நான் அவளிடம் சொன்னது ம். அந்த ம்மோடு, அதைச் சொன்னவனாக நான் மட்டும் அந்தக் காரில், ஓட்டவும் தெரியாமல். "ஜெயா, நான் எழுதிக் குடுத்துட்டேன்." "இன்னாத்த?" "அந்த ஃபாரத்தை. பகல் ஷிஃப்ட் வேணான்னு." கண்ணைத் திறந்தாள். "எப்போ?" "வியாழக்கிழமை." "அப்ப நேத்து ம்முன்னது?" "பொய்." அவள் காலை என் மடியிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துவிடுவாள் என்று கையைத் தளர்த்தியிருந்தேன், எடுக்கவில்லை. ஒரு ஓணான் வந்து நிழலின் ஓரத்தில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு வெயிலுக்கே திரும்பிப் போனது. "ஏன்?" என்றாள். பதில் இருந்தது, ஆனால் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. "நீ இத்தினி வருஷம் ராத்திரி ஆளோட குடும்பம் நடத்தின. தூங்கறவன், எழுந்தா சாப்புட்டுட்டுக் கெளம்பறவன். அவன உனக்குப் புடிச்சிருக்குது. பகல்ல நான் எப்டி இருப்பேன்னு எனக்கே தெரியாது. நாள் முச்சூடும் எதிர்ல உக்காந்தா உனக்குச் சலிச்சிப் போவும். சலிச்சிப்போனா உன் குரல்லயே எனக்குத் தெரிஞ்சிடும். அத என்னால கேக்க முடியாது." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்றிருந்தது. அவள் எதிர்ச் சுவரில் வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். "மணி இன்னா இப்ப?" "ரெண்டு ஆவப்போவுது." "ராத்திரி ரெண்டா?" "பகல்தான்." "அப்ப பாத்துட்டேன்." "இன்னா பாத்த?" "உங்களத்தான். காதுல முடி நரைச்சிருக்குது. வெயில்ல கண்ணைச் சுருக்குனா உங்க அக்கா மாதிரியே இருக்கீங்க. பயந்துட்டா நெறைய பேசறீங்க. அவ்ளோதான். ஒண்ணும் பெரிய ஆளு கெடையாது, சமாளிச்சிக்கலாம்." நான் மறுபடி அவள் கெண்டைக்காலைப் பிடித்து உருவ ஆரம்பித்தேன். "எனக்கு மட்டும் பயமில்லியா," என்றாள், என்னைப் பார்க்காமல். "மத்தியானத்துல சாப்ட்டுட்டு நான் எப்டித் தூங்குவேன் தெரியுமா, வாயைப் பொளந்துக்கினு, கொறட்டை வேற. உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு பத்தொம்பது வருஷமா பின்கட்டுல தூங்கறேன்." மிக்ஸி மட்டுமல்ல, குறட்டையையும் பின்கட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பகல் முழுக்கக் கேட்டேன், எல்லாம் கேட்டேன் என்று எத்தனை கர்வமாக இருந்தேன்.

நிழல் இறங்கியது. முதலில் எங்கள் தலைக்கு மேலே பாறையின் நிறம் மாறியது, பிறகு வழியில் ஒவ்வொரு கல்லாக அணைந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொள்ள, பத்து அடி, உட்காருவது, பத்து அடி, உட்காருவது, இந்த முறை அவள் கியர் எதுவும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், தப்பும் தவறுமாக. "ஏத்தத்துல போயி எவனாவது ஃபோர்த் போடுவானா," என்று மூச்சிரைக்கச் சிரித்தாள். மேலே மோர்க்கடைக்காரம்மா எங்களைப் பார்த்த உடனே தெலுங்கில் திட்ட ஆரம்பித்தாள், ஒரு சொல் புரியவில்லை, ஆனால் முழுக்கப் புரிந்தது. முதலில் தண்ணீர், அப்புறம் உப்புப் போட்ட மோர், "மெல்லகா, மெல்லகா," என்று ஜெயக்கொடியின் முதுகைத் தடவிக்கொண்டே மூன்று டம்ளர் குடிக்க வைத்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் ஓவர்சியரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, தூங்கிக்கொண்டிருந்தார் போல. "ஏன்யா தணிகாசலம், வியாழக்கிழமை வேணான்ற, ஞாயித்துக்கெழமை வேணுன்ற? ஆபீஸ்னா இன்னா நெனச்ச? அந்த எடத்துக்கு மாணிக்கவேலு கேட்டிருக்கான்." "தப்புத்தான் சார். மாத்தி எழுதிக் குடுக்கறேன் சார்." "பட்டியல் இன்னும் போகல. வந்து எழுதிக் குடு. பாக்கலாம். உறுதியெல்லாம் சொல்ல மாட்டேன்." "சரிங்க சார்." திரும்பி வந்தேன். அவள் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு காரருகே நின்றிருந்தாள், புடவை முந்தானை ஈரம். நான் பேசியதெல்லாம் கேட்டிருக்கும். "இன்னா சொன்னாரு?" "பாக்கலாம்னாரு." "பாக்கட்டும்," என்றாள். கிடைக்காமலும் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். கதவைத் திறந்து சீட்டுக்கு அடியிலிருந்து பழைய பனியன் துணியை எடுத்தாள். வழியெல்லாம் பூச்சி அடித்துக் கண்ணாடி புள்ளி புள்ளியாக இருந்தது, வந்து நின்றதும் பாதி துடைத்துவிட்டுப் பள்ளத்தைப் பார்த்த ஆசையில் அப்படியே விட்டிருந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நான் இன்னொரு துணியைத் தேடி எடுத்து, நனைத்துப் பிழிந்துகொண்டு, என் பக்கத்துக்குப் போனேன்.